ஆடாத கோடு

குழாயிலிருந்து ஒளிமுனையைக் கழற்றி எடுத்தபோதுதான் ஆபரேட்டர் அதைப் பார்த்தான்.

விரல் தண்டிக்கு ஒரு உலோகக் குழல். அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி மேல் வெள்ளையாக ஏடு படிந்து காய்ந்திருந்தது.

நகத்தால் சுரண்டினான். உரிந்து வந்தது.

உரிந்ததை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

அந்த ஆலையில் தயாராவது கை நரம்பு வழியாக ஏற்றும் வெள்ளைத் திரவம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு அதுதான் சாப்பாடு. பார்த்தால் பால் மாதிரி இருக்கும். உள்ளே மிதப்பதெல்லாம் எண்ணெய்த் துளிகள். பொடித் துளியாக இருந்தால் உயிர் கொடுக்கும். பெருத்துவிட்டால் நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும்.

துளியின் அளவை வெறும் கண்ணால் சொல்ல எந்தக் கொம்பனாலும் ஆகாது. அதற்குத்தான் இந்த ஒளிமுனை. ஓடுகிற திரவத்துக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, துளிகளில் பட்டுத் திரும்புவதை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, அளவைத் திரையில் கோடாக வரையும். கோடு ஆடாமல் போனால் சரக்கு நேரே லாரிக்கு. ஆடினால், லேப்பில் மறுசோதனை முடியும்வரை கிடப்பில்.

கண்ணாடியில் ஏடு படியாமலிருக்க இடையிடையே வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் ஏற்பாடு உண்டு. கழுவும்போதெல்லாம் கோடு ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலுக்கே சரக்கை மறித்துப் போடும் மகானுபாவர்கள் லேப்பில் இருந்தார்கள்.

போன வாரம் அக்காவின் கணவர் வெளியூரிலிருந்து போன் செய்தார். குடலில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அக்காவுக்கு இந்தப் பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டாக் தீரப்போகிறதாம். எப்படியாவது பார் என்றார் மாமா.

அக்கா என்றால் அவனுக்கு உயிர். இந்தச் சரக்கு ஒரு நாள்கூடத் தேங்கக்கூடாது என்று கழுவலை நிறுத்திவைத்தான்.

கோடு ஆடவே இல்லை. இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை என்று இன்ஜினியர் அவன் தோளைத் தட்டினார். லாரி கிளம்பியது. பாட்டில் வந்துசேர்ந்த சேதியை அக்காவே போனில் சொன்னாள். குரல் ஈனமாக இருந்தாலும் வாய்க்கொழுப்பு குறையவில்லை.

“வெந்நீர் வைக்கத் தெரியாதவன், எனக்குச் சாப்பாடு செஞ்சு அனுப்புறானாம்!”

இன்று பம்ப் நின்று குழாய் காலியானது. கோடு அப்போதும் அசையவில்லை. ஓடாத திரவத்துக்கு அளவு எங்கிருந்து வருகிறது என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து கழற்றினான்.

கருவி இத்தனை நாளும் அளந்தது இந்த ஏட்டைத்தான்.

துடைத்தான். லாரியில் போன சரக்கில் மாதிரிக்கு எடுத்துவைத்த பாட்டிலைத் திறந்து முனையை நனைத்தான். கோடு, துளி பெருத்ததற்கான சிவப்பு எல்லையைத் தாண்டி மேலே போய் நின்றது.

பாவி, என் கையாலேயே செய்துவிட்டேனே! ஓடிப்போய் இன்ஜினியரிடம் சொன்னான். அவர் முகம் வெளிறி, ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகக் கூப்பிட ஆரம்பித்தார். அவன் மாமாவைக் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில், அந்த வெள்ளைப் பாட்டிலை உடனே கழற்றச் சொல்லுங்கள் என்று கத்தினான்.

“அத காலையிலேயே கழட்டிட்டாங்களே மாப்ள.”

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். நல்லவேளை, நல்லவேளை என்று வாய்விட்டே சொன்னான்.

மறுமுனையில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“வேலையில இருக்கறவன், பதறிடுவியேன்னுதான் சொல்லல. மெதுவாக் கிளம்பி வா. கடைசி வரைக்கும் தம்பி கையால சாப்பிட்டுட்டுப் போயிருக்கா. அந்தக் குடுப்பினை யாருக்குடா கிடைக்கும்?”