மேலிருந்து பார்த்த ஊர்

"அந்த மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு அப்போ பச்சை எழுத்து," என்றார் கிரேன்காரர், பாலத்தின் நடுவில் நின்றபடி. "இப்போ வெள்ளை அடிச்சுட்டானுங்க."

"முப்பத்தொரு வருஷத்துல மனுஷனுக்கே வெள்ளை அடிச்சாச்சு, கடிகாரம் எம்மாத்திரம்!" என்று அவர் தலையைப் பார்த்துச் சிரித்தாள் மனைவி.

ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் சொந்தபந்தம் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்தான். இந்தத் தலைநகரில் மூன்றரை வருஷம் கட்டட வேலையில் இருந்தவர் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. இப்போது மகளுக்கும் இதே ஊருக்கு மாற்றலாகிவிட்டது. "நீங்கதான் பழைய ஆளாச்சே, அம்மாவுக்கு ஊரைச் சுத்திக் காட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் காலையிலேயே ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

அவரும் காட்டினார். தபால் ஆபீஸ் கூரையில் ஓடு போய்த் தகரம் வந்திருந்தது. ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற புகைபோக்கிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு மொட்டைமாடியில் யாரோ ஒரு பெண்மணி தினமும் வெள்ளைத் துணியாகவே காயப்போடுவாளாம். அந்த வீடு இருந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரம் ஒன்று வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

"எல்லாம் கூரையும் மாடியுமாவே சொல்றீங்களே, கீழே ஒரு கடைகண்ணி கூடவா ஞாபகமில்ல?"

"நூத்தம்பது அடி உசரத்துல உக்காந்திருந்தவனுக்குக் கீழே என்ன தெரியும்?"

பதில் சட்டென்று வந்தது. முப்பத்தொரு வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில்.

எங்கோ போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதினார். கிரேன்காரரின் வலது கை, இல்லாத எதையோ பிடித்து நிறுத்துவதுபோல இறுகிக்கொண்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிற மனிதர் அவர்.

பாலத்தை விட்டு இறங்கியதும் அவருக்குத் திக்குத் தெரியவில்லை. மேலிருந்து கோடு போட்டாற்போல் இருந்த தெருக்கள் கீழே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி என்று தடுமாறினார்.

"இப்படிப் போவோம், வெயில் படாது," என்று மனைவி ஒரு சந்துக்குள் நுழைந்தாள். பார்வைக்கு அது முட்டுச்சந்து. ஆனால் கடைசியில் ஒரு கல் படிக்கட்டு இருந்தது.

ஏறி நிமிர்ந்த கிரேன்காரர் அப்படியே நின்றுவிட்டார். எந்தக் கட்டடத்தைத் தேடிக்கொண்டும், எது கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டும் வந்தாரோ, அது எதிரே நின்றது.

கறுத்த கல்லில் நாலு மாடி. சுற்றுமதிலை இடித்துவிட்டுப் புல்தரை போட்டிருந்தார்கள். வாசலில் 'நூலகம்' என்று பலகை. படியில் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகள் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்ன ஜன்னல்கள் மட்டும் அதே வரிசையில் இருந்தன.

பக்கத்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இது லைப்ரரி இல்ல."

"போர்டு போட்டிருக்கே."

"அப்போ இது ஜெயில்."

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல நான் கிரேன்ல வேலை பார்த்தது அஞ்சே மாசம். மீதி மூணு வருஷமும் இங்கேதான். உனக்கு எழுதின லெட்டர் பூரா நாலாவது மாடி ஜன்னல்லேருந்து பார்த்துப் பார்த்து எழுதினது. போர்மேன்தான் கம்பெனி கவர்ல போட்டு அனுப்புவாரு."

ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியவில்லை. கீழே நின்று சைகை கொடுக்கிற ஆளுக்குச் சொந்தப் பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவன் 'விசில்'. ஒரு தரம் ஊதினால் நிறுத்த வேண்டும், இரண்டு தரம் ஊதினால் இறக்க வேண்டும். அன்றைக்குக் காற்று பேயாக அடித்தது. அவன் ஊதியது ஒரு தரம். இவர் காதில் விழுந்தது இரண்டு. இரும்பு உத்திரத்தை இறக்கினார், அவன் மேலேயே.

"உள்ளே இருந்ததுகூடப் பெரிசாத் தெரியல," என்றார். "ஒரு நாள் வார்டர் வந்து, உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்குன்னான். விசில் வீட்டு ஆளாத்தான் இருக்கும். அவன் அம்மாவோ, பொண்டாட்டியோ. யாருன்னு சொல்ல வாயெடுத்தான், நான் காதைப் பொத்திக்கிட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது? வர மாட்டேன்னுட்டேன். மறுநாளும் வந்திருக்காங்க. அப்பவும் போகல."

படியிலிருந்த பிள்ளைகள் எழுந்து உள்ளே போனார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது.

"தண்டனை முடிஞ்சுது, ஊருக்கு வந்தேன், புள்ளைய வளர்த்தேன். ஆனா கண்ணை மூடினா அந்த ஆள் இந்த வாசல்லயே நிக்குது. முகம் மட்டும் தெரியல. ஒரு தடவை இறங்கி வந்து கால்ல விழுந்திருக்கலாம். உன்கிட்டயும் மறைச்சு... என்னைத் திட்டு. ஏதாவது சொல்லு."

மனைவி திட்டவில்லை. தலையை அண்ணாந்து நாலாவது மாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாகப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "இதுல உங்க ஜன்னல் எதுங்க? ரெண்டு நாளும் வாசல்ல நின்னு தேடினேன், கண்டுபிடிக்கவே முடியல."