பிரேக் போட்டால் கார் நகருமா?

ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் கார் மழைச்சேற்றில் மாட்டிக்கொண்டது. பின்சக்கரங்களில் ஒன்று வெறுமனே சுற்றிச் சேற்றை வாரியடித்தது, மற்றது அசையவேயில்லை.

"ஹேண்ட்பிரேக்கை லேசா இழுத்துண்டு ஆக்ஸிலேட்டரை மிதிங்கோ அத்திம்பேர். சுத்தற சக்கரம் அடங்கினாத்தான் மத்ததுக்கு இழுவை போகும்" என்றான் ஸ்ரீகுமார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஸ்வாமிநாதன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டியா ருக்கு, உன் தம்பி சொல்றதை? பிரேக்கைப் போட்டுண்டு வண்டியை நகர்த்தணுமாம். உங்காத்துல எல்லாருமே இப்படித்தானா? ரெண்டு பேரும் இறங்கிப் பின்னால போய்த் தள்ளுங்கோ."

தள்ளினார்கள். முதலில் சேறுதான் முகத்தில் அடித்தது. அப்புறம் கார் முனகிக்கொண்டே மேலேறிவிட்டது.

"பார்த்தியாடா? முப்பது வருஷ அனுபவம். பிரேக்காம், பிரேக்கு."

அம்பாசமுத்திரம் நெருங்கும்வரை அவர் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஸ்ரீகுமார் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காருக்குள் கருகல் நாற்றம் அடித்தது.

"என்னடா அது தீயறது?" என்றார் ஸ்வாமிநாதன்.

ஸ்ரீகுமார் முன்னால் எட்டிப் பார்த்தான். அவர்களைத் தள்ள அனுப்பிவிட்டு அவர் ரகசியமாக இழுத்த ஹேண்ட்பிரேக் இன்னும் இறங்காமலே இருந்தது.

ருக்குவும் பார்த்துவிட்டாள்.

"உங்க முப்பது வருஷ அனுபவம்தான்" என்றாள்.