முதலில் பதிந்தவர்

சிறுநீரகம் ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. பதினோரு மணிக்குள் பட்டியல் டாக்டர் மேசைக்குப் போக வேண்டும். பட்டியல் போடுகிறவளுக்கு அது கைப்பழக்கம்: நோயின் தீவிர எண் பெரியதிலிருந்து சிறியதாக, அது சமமானால், பதிவுத் தேதி பழையதிலிருந்து புதியதாக.

கம்ப்யூட்டரில் அடுக்கினாள். அவளுடைய தம்பி இரண்டாவதாக வந்தான். இதை விட்டால் அவன் தாங்க மாட்டான் என்று டாக்டரே சொல்லியாயிற்று. முதல் வரியில் பெயரே இல்லை. தீவிரம் அவனைப் போலவே பத்து. பதிவுத் தேதி மட்டும், ஆஸ்பத்திரி கட்டுவதற்கு நாற்பது வருஷம் முந்தியது.

“யாரோ தூக்கத்துல அடிச்சிருக்காங்க,” என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ் சிஸ்டர். “நம்பர் இருக்குல்ல, கூப்பிட்டுத்தான் பாருங்களேன்.”

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே ஒரு குரல் எடுத்தது.

“நான் எப்பவோ வந்துட்டேம்மா. வெளியிலதான் உக்காந்திருக்கேன்.”

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். காத்திருப்போர் நாற்காலிகள் பதினெட்டும் காலி.

“வெளியில யாருமில்ல சிஸ்டர். அழிச்சிடவா?”

“அழிச்சா உங்க பாடு. நான் எதையும் பாக்கல.”

அழித்தாள். மறுபடி அடுக்கினாள். தம்பி முதலில் வந்தான். அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. அவன் பெயருக்கு நேரே அதே பழைய தேதி இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். வீட்டிலிருந்து வர அவனுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். முதல் மணியிலேயே எடுத்தான்.

“நான் எப்பவோ வந்துட்டேன்க்கா. வெளியிலதான் உக்காந்திருக்கேன்.”

போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்தாள். பதினெட்டும் காலி.

“என்னைத் தாண்டி எங்க பாக்கிற, அக்கா?” என்றான்.