ஏறாத சார்ஜ்

லாரியின் முதுகில் ஏற்றிக் கட்டிய குட்டி வீட்டுக்குள் பேட்டரி காலியாகி ஃப்ரிட்ஜ் அணைந்து கிடக்கிறது. அதற்குள் மனைவியின் இன்சுலின். வெளியே, இறங்கப் பார்க்கும் வெயிலை நோக்கி, தரையில் விரித்த சோலார் பலகையை மறுபடியும் திருப்பிவைக்கிறார் கணவர். வயரை உருவிச் செருகி, பலகையின் முன்விளிம்பில் தொங்கும் மீட்டரைப் பார்க்கக் குனிகிறார். குனிந்தவுடன் எண் மளமளவென்று சரிந்து பூஜ்யத்தில் விழுகிறது. “சனியனே, மத்தியானத்திலேருந்து உயிரை வாங்குறியே!” என்று உதைக்கக் காலை ஓங்குகிறார். ஜன்னலிலிருந்து மனைவி, “அது என்ன பண்ணும்? குனிஞ்சு குனிஞ்சு வெயிலை நீங்கதான் மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்கிறாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார். அவருடைய நிழல் பலகையை விட்டு நழுவுகிறது. சற்றைக்கெல்லாம் உள்ளே ஃப்ரிட்ஜ் முனகி எழுகிறது. உதைக்காமல் விட்ட காலில் மட்டும் கோபம் குறுகுறுத்துக்கொண்டே இருக்கிறது.