தலைக்கு எதற்கு அளவு

கண்டிக் கன்னியர் மடத்துக் கல்லூரியின் முன்னறையில் என் மகள் பெற்றீசியா கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாள். யாழ்ப்பாணத்துச் சிஸ்டர் ஒருவர் அளவு நாடாவால் அவள் தோளை அளக்கிறார். வெளியே தூறுகிறது. ஆசிரியப் படிப்புக்குக் காசு வேண்டாமாம். சாப்பாடு, படுக்கை, உடுப்பு எல்லாம் இலவசமாம். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஒருவரும் எதையும் சும்மா தந்ததில்லை. "இவ்வளவும் சும்மா தர நீங்க என்ன எனக்குச் சம்பந்தியா, சிஸ்டர்?" என்று கேட்கிறேன். "ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டு லோரன்ஸின் மகளும் இப்படி இலவசமாகப் படிக்கப் போனவள்தான். இப்போது கன்னியாஸ்திரியாகி, தகப்பனிடமே மடத்துக் கம்பிக்குப் பின்னால் நின்று பேசுகிறாள். நாடா பெற்றீசியாவின் நெற்றிக்கு ஏறுகிறது. எட்டிப் பிடிக்கிறேன். "தலைக்கு எதுக்கு அளவு? முக்காடு தைக்கவா?" "தொப்பிக்கு, ஐயா. வெயிலுக்கு." ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்க்கிறேன், நாடாவை விடவில்லை. பெற்றீசியா என்னைப் பார்க்காமலே கொண்டையை அவிழ்க்கிறாள். "விடுங்கப்பா" என்கிறாள். நான் விடவில்லை. அவளே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள்.