நாலு மோட்டர் முதலாளி

“நாலு மோட்டரா!”

அனந்தன் போட்ட சத்தம் கோயில் மண்டபத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

எதிரே நின்ற முருகையா தலையைக் குனிந்துகொண்டார். இடது கை கழுத்துத் துணியில் தொங்கியது. தோட்டத்தில் வெட்டிய செம்பனைக் குலை விழுந்து தோள்பட்டை உடைந்ததில் மூன்று மாதமாக வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளமும் இல்லை. வீட்டில் மனைவியும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும்.

“உம்முடைய போன்லதான் காட்டுது. நாலு மோட்டர் சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ், நாலும் உம்முடைய பேர்ல. உண்டோ, இல்லையோ?”

“என் பேர்லதான் சார் இருக்கு.”

“நாலு மோட்டர் முதலாளி இலவச அரிசிக்கு வந்து நிற்கிறார், பாருங்கோ!”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அனந்தன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சங்கம் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு வருடம் மாதாமாதம் மளிகைச் சாமான் கொடுக்கிறது. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு கிலோ சீனி தகுதியில்லாத வீட்டுக்குப் போய்விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அதற்காகவே ஒரு விதி போட்டிருந்தார். பேரில் வண்டி இருந்தால் சாமான் கிடையாது. வருகிறவர்கள் போனில் வண்டி வரியைக் காட்டும் ரோட் டேக்ஸ் செயலியைத் திறந்து காட்ட வேண்டும்.

“மோட்டர் இல்லாம தோட்டத்துல எப்படி அங்கிள் வேலைக்குப் போவாங்க?” என்றாள் ஷாந்தினி. பாக்கார் ஆராங் ஊரில் இருந்து சாமான் கட்ட உதவிக்கு வந்தவள். “எல்லா வீட்டுக்கும் ஒரு மூட்டை குடுத்துட்டா முடிஞ்சிது லா. யாரையும் நிக்க வச்சு கேள்வி கேக்க வேணாம்.”

“உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மூட்டையோ? நல்ல நியாயம்! நீர் சும்மா இரும், பிள்ளை.”

முருகையா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெறுங்கையோடு நடந்து போனார். அது அனந்தனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“விடக்கூடாது. வீட்டுக்கே போய் அந்த நாலு மோட்டரையும் படம் எடுத்துக் கமிட்டிக்குக் காட்ட வேணும். வாரும் ஷாந்தினி.”

மூட்டைகளைக் கொடுத்து முடித்ததும் கிளம்பினார்கள். முருகையாவின் வீட்டு வாசலில் மோட்டர் என்ன, அதன் டயர்கூட இல்லை.

“எங்கே வண்டியெல்லாம்?”

முருகையாவின் மனைவி பிரேமாவதி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மோட்டர் சத்தம் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாக நாலு மோட்டர் வீட்டுப் பக்கம் திரும்பி வந்தன. முன்னால் அதே தோட்டத்து முனியாண்டி, அடுத்தது நவமணி, பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒவ்வொரு மோட்டரின் கூடையிலும் சங்கம் கொடுத்த மூட்டை.

அனந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“உங்க நாலு பேருக்கும் வண்டி இல்லையெண்டு இப்பத்தானே என் கையால எழுதினேன்!”

அவர்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. முனியாண்டி மோட்டரைத் திருப்பிக்கொண்டு ஓடத்தான் பார்த்தான். பின்னால் மூன்று மோட்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

நவமணிதான் முதலில் இறங்கினாள்.

“முருகையா அண்ணனுக்கு எங்க மூட்டையில பங்கு குடுக்க வந்தோம் சார். மோட்டரு எங்களோடதுதான். மாசா மாசம் தவணை நாங்கதான் கட்டுறோம். காண்ட்ராக் வேலை செய்யற எங்களுக்கு ஏது சார் பேஸ்லிப், சம்பளச் சீட்டு? அது இல்லாம எந்தக் கடைக்காரனும் மோட்டரு தரமாட்டேன்னுட்டான். தோட்டத்துல நிரந்தர வேலை அண்ணனுக்கு மட்டுந்தான் இருந்துச்சு. எங்களுக்காக அவரு பேரைக் குடுத்தாரு. அவருக்குன்னு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது சார்.”

ஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனந்தனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர் பார்க்க ஏசிய ஏச்சல்லவா!

“முருகையா, மன்னிக்க வேணும். உங்கட பேரை இப்பவே சேர்க்கிறன்.”

பிரேமாவதியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

“ஆனா...” அனந்தன் பேனாவை எடுத்தார். “இவங்க நாலு பேரின்ட பேரையும் வெட்டத்தான் வேணும். வண்டி இருக்கெண்டு தெரிஞ்ச பிறகு எப்படிக் கொடுக்கிறது? விதி விதிதான்.”

“அங்கிள்!” என்று கத்திவிட்டாள் ஷாந்தினி. “மனசாட்சியே இல்லையா உங்களுக்கு?”

“பரவால்ல அக்கா,” என்றாள் நவமணி. கூடையில் இருந்த மூட்டையைத் தூக்கி அனந்தனின் காலடியில் வைத்தாள். “எங்க பேரை வெட்டிக்குங்க சார். அண்ணன் வீட்டுல அடுப்பு எரிஞ்சா போதும்.”

மற்ற மூன்று பேரும் மூட்டையை இறக்கப் போனார்கள். வீட்டில் சாமானுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்கிற கவலை அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

முருகையா மனைவியைப் பார்த்தார். பிரேமாவதி அந்த மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள்.

முருகையா நன்றாக இருந்த கையால் அனந்தனின் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

“இந்தப் பொண்ணு பொய் சொல்லுது சார். நாலு மோட்டரும் என்னோடதுதான். நான் வசதியானவன் சார், எம் பேரை மட்டும் வெட்டிடுங்க.”