ஏழு மாதப் பாராட்டு

"என் பொண்டாட்டி என்னைப் பாராட்டுறா டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர். "ஏழு மாசமா."

டாக்டர் சிரிக்கவில்லை. மூளை, நரம்பு பார்க்கிற டாக்டர். எதையும் சிரிக்காமல் கேட்கிற முகம் அந்த அம்மாவுக்கு. பக்கத்து நாற்காலியில் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாராட்டுறது நல்லதுதானே?"

"மத்தவங்க பாராட்டினா நல்லது. போன வாரம்கூட எங்க முதலாளி, உங்களை மாதிரி இன்னொருத்தர் இருந்தா கடை எங்கயோ போயிடும்னார். சந்தோஷமா இருந்துச்சு. ஆனா இவ பாராட்டினா ஏதோ கோளாறு."

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. தெருவில் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். மனைவி கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். முதன்முதலில் அவரைப் பார்த்ததே கண்ணாடி வாங்க வந்த இடத்தில்தான். கூச்சத்தில் கால் மணி நேரம் வாயே திறக்காமல் அவர் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, காது வலிக்குது" என்றாள். அன்றைக்கு விழுந்தவர்தான். எழுந்திருக்கவே இல்லை.

இருபத்தாறு வருடமாக அந்த நாக்கு அவரை விட்டுவைத்ததில்லை. பத்து நிமிடம் தாமதமாக வந்தால், வீட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு வந்தீர்களா என்பாள். தூக்கத்தில் குறட்டை விட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவள் குத்துவதும் அவர் சிரிப்பதுமாகத்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அது எந்த நாளில் நின்றது என்று அவரால் சொல்ல முடியவில்லை. முதலில் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலமாரிக் கதவைக் கழற்றி அவரே திருப்பி மாட்டினார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நாலு தச்சர்கள் சேர்ந்து வேலை செய்தாலும் கதவு இப்படி அமையாது என்றாள். பின்னால் ஒரு குத்து வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பிறகு ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கி வந்தார். ஊரிலேயே இது ஒன்றுதான் இருந்திருக்கும், அதை எப்படித்தான் தேடிப் பிடித்தீர்களோ என்று வியந்தாள். நண்பர் வீட்டில் அவர் லென்ஸ்களைப் பற்றிப் பேசிய சாயங்காலம், யாருமே எழுந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். பாராட்டு மேல் பாராட்டு. ஒருவருடைய குணம் திடீரென்று மாறினால் அது மூளை நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னார். "அம்மா எப்பவும் போலத்தான்பா இருக்காங்க" என்றாள் மகள். வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

டாக்டரிடம் போகலாம் என்று மனைவியிடம் சொல்வதற்குத்தான் பயந்தார். பழைய ஆளாக இருந்தால் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இப்போதோ, "போகலாம்" என்று ஒரே வார்த்தைதான். அவளே போன் செய்து நேரமும் வாங்கிவிட்டாள். அதில்தான் அவருக்குப் பாதி உயிர் போனது. இன்று காலை கொளுத்துகிற வெயிலில் அவர் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, டாக்டரே எழுந்து நின்று வணக்கம் வைப்பார் என்று சொன்னாள். அதோடு மீதி உயிரும் போனது.

"அவ மூளையே அந்த நக்கல்லதான் இருக்கு டாக்டர்" என்றார். "அது போச்சுன்னா அவளே போன மாதிரி. என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்லை. அவ அவளா இருந்தா போதும்."

மனைவி மூளைப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

அவளிடம் டாக்டர் ஏற்கெனவே இருபது நிமிடம் தனியாகப் பேசியிருந்தார். இப்போது கண்ணாடிக்காரரைப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்றார். சொல்வது ஒன்றும் நினைப்பது இன்னொன்றுமாக இருக்கிற பேச்சுக்கு மூளை நிறையவே உழைக்க வேண்டும். அதனால் மனைவியிடம் கேட்ட கேள்விகளையே அவரிடமும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மனைவிக்கு உதவுகிற சந்தோஷத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார் டாக்டர். அழகாக வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போனார். ஐந்து வார்த்தைகளை நினைவில் வைத்திருந்து ஒன்றுவிடாமல் சொன்னார்.

"கடைசியா ஒரு சின்னக் கதை" என்றார் டாக்டர். "ஒருத்தர் சமையல்ல உப்பை அள்ளிக் கொட்டிட்டார். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரு வாய் வச்சுட்டு, 'அடடா, உப்பே பத்தலையே'ங்கிறார். ஏன் அப்படிச் சொன்னார்?"

கண்ணாடிக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"பாவம், அந்த ஆளுக்கு நாக்கு செத்துப்போச்சு டாக்டர். வீட்டுல யாராவது அவரை நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மனைவி, கணவரின் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு நாள்கூட நிறுத்தலை டாக்டர்" என்றாள். "எப்பவும் போலக் குத்திக்கிட்டேதான் இருக்கேன். இவருக்குத்தான் ஏழு மாசமாக் குத்தவே மாட்டேங்குது."